பழைய டிவி கேமுக்கு எந்தப் பெட்டி, எந்த ஒயர்?

பழைய வீடியோ கேம்களை அவை வெளிவந்த காலத்துத் திரையிலேயே ஆட வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் சிலர் இருக்கிறோம். எங்களுக்குள் பேச்சு எப்போதும் மானிட்டரில்தான் தொடங்கும். சென்னையில் ஏதோ ஓர் எடிட்டிங் கூடத்தில் சோனியின் 20 அங்குல ஸ்டுடியோ மானிட்டரைக் கழித்துவிடப் போகிறார்களாம், 800 கோடு (திரையின் அகலத்தில் பிரித்துக் காட்டக்கூடிய நுணுக்கத்தின் அளவு) காட்டுமாம், வாங்கிவிடலாமா என்று ஒருவர் கேட்பார். பதிலுக்கு நான் கேட்பது ஒன்றே: உங்களிடம் இருக்கும் கேம் எந்த சிக்னலை வெளியே தள்ளுகிறது? கருவிக்குள் உருவான படம் எவ்வளவு சேதாரமின்றி பிக்சர் ட்யூப் வரை வந்து சேர்கிறது என்பதைப் பொறுத்துத்தான் மற்ற எல்லாம் அமையும் என்பதால், தேர்வைப் பெட்டியின் பின்பக்கத்திலிருந்து, அதாவது ஒயரிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. அதோடு, அமெரிக்கச் சேகரிப்பாளர்களும் ஐரோப்பியச் சேகரிப்பாளர்களும் எழுதி வைத்த அறிவுரைகளை அப்படியே எடுத்துக்கொண்டால் நம் ஊரில் சில இடங்களில் இடறும்.

புதிய எல்இடி டிவியில் ஏன் ஆடக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தொலைக்காட்சி ஒளிபரப்பு, ஒற்றைப்படைக் கோடுகளை ஒரு தடவையும் இரட்டைப்படைக் கோடுகளை அடுத்த தடவையுமாக மாற்றி மாற்றி வரைந்து படத்தை நிரப்பும்; இதைத்தான் பின்னல் என்கிறேன். நின்டெண்டோவின் ஃபாமிகாம், சூப்பர் ஃபாமிகாம், சேகாவின் மெகா டிரைவ் போன்ற பழைய கேம் கருவிகளோ ஒவ்வொரு தடவையும் அதே கோடுகளின் மேலேயே திரும்ப வரைந்தன. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் புழங்கிய என்டிஎஸ்சி ஒளிபரப்பு முறையின் கணக்கில் விநாடிக்கு 60 முழுப்படங்கள், ஒவ்வொன்றிலும் சுமார் 240 கோடுகள். கோடுகளுக்கு நடுவே வரையப்படாத வரிகள் இருண்டே கிடக்கும். அந்தக் கால ஓவியர்கள் இந்த இருட்டையும் கணக்கில் வைத்தே புள்ளிகளை அடுக்கினார்கள். இன்றைய டிவிகள் பலவும் இதை 480 கோட்டுப் பின்னல் படம் என்று எண்ணிக்கொண்டு, இல்லாத பின்னலைப் பிரித்துச் சேர்க்கப் பாடுபடுவதால் படம் குழைந்துபோகிறது. பொத்தானை அழுத்துவதற்கும் ஆள் குதிப்பதற்கும் நடுவே ஒரு தாமதமும் விழுகிறது. டிவி கேமோடு வந்த துப்பாக்கி அதில் சுடவே சுடாது, ஏனென்றால் அது ட்யூபில் ஒளி எழும் கணத்தை நம்பி வேலை செய்வது.

ட்யூப் இருந்தால் போதும் என்று பழைய கம்ப்யூட்டர் மானிட்டரை வாங்கிவிடுகிறவர்களும் உண்டு. அந்த மானிட்டர்கள் 31 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட கிடைக்கோட்டு வேகத்துக்காகச் செய்யப்பட்டவை. நம் கேம்களின் வேகம் என்டிஎஸ்சியில் 15.734, நம் ஊரிலும் ஐரோப்பாவிலும் புழங்கிய பிஏஎல் முறையில் 15.625 கிலோஹெர்ட்ஸ். நடுவில் மாற்றி ஒன்றை வைக்காமல் படம் நிற்காது. விதிவிலக்காக சேகாவின் டிரீம்காஸ்ட் கருவி, விஜிஏ என்ற கம்ப்யூட்டர் மானிட்டர் இணைப்பு வழியில் 31 கிலோஹெர்ட்ஸ் தரும். அதை வைத்திருப்பவர் கம்ப்யூட்டர் மானிட்டரோடு மகிழ்ச்சியாக இருக்கலாம்.

இனி சிக்னலுக்கு வருவோம். தொண்ணூறுகளில் திருநெல்வேலி டவுனிலும் பாளையங்கோட்டையிலும் அரைமணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து நாம் ‘டிவி கேம்’ என்று ஆடியவை பெரும்பாலும் ஃபாமிகாமின் நகல்கள். கேசட்டில் நூற்றுக்கணக்கான கேம் என்று அச்சிட்டிருக்கும், உள்ளே பத்துப் பதினைந்துதான் பெயரை மாற்றிக்கொண்டு திரும்பத் திரும்ப வரும். அந்த வகைக் கருவியில் படத்தை உருவாக்கும் சில்லே நிறத்தையும் வெளிச்சத்தையும் ஒன்றாகக் கலந்து, மஞ்சள் பின்னில் வரும் காம்போசிட் சிக்னலாகத்தான் தருகிறது. கலந்ததை மானிட்டர் மறுபடி பிரித்தெடுக்க வேண்டும். பிரிக்கும்போது விளிம்புகளில் நிறம் கசியும், கோடுகளில் புள்ளிகள் ஊரும். 900 கோடு காட்டக்கூடிய ஒளிபரப்பு மானிட்டரில் இதைச் செருகினால், அந்தக் கசிவும் ஊர்தலும் இன்னும் தெளிவாகத் தெரிவதைத் தவிர வேறு லாபம் பெரிதாக இல்லை. டிவி கேம் மட்டும் வைத்திருப்பவர், ஏவி பின் உள்ள நல்ல வீட்டு டிவி ஒன்றைத் தேடிக்கொள்வதே நியாயம். ஒனிடாவோ டயனோராவோ சாலிடேரோ, ட்யூப் களைத்துப் போகாமல் இருந்தால் சரி. கடைசிக் காலத்தில் வந்த 100 ஹெர்ட்ஸ் டிவிகளை மட்டும் தவிர்க்க வேண்டும், அவை படத்தை எண்களாக்கி நினைவகத்தில் நிறுத்தி மறுபடி வரைவதால் எல்இடியின் நோய் அவற்றுக்கும் உண்டு.

மெகா டிரைவ், சூப்பர் ஃபாமிகாம், பிளேஸ்டேஷன் ஆகியவற்றின் கதை வேறு. இவை சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் கலக்காமல் தனித்தனியாகத் தரக்கூடியவை. ஸ்டுடியோ மானிட்டர் தன் விலைக்கு நியாயம் செய்வது இந்த ஆர்ஜிபி சிக்னலில்தான். எஸ்-வீடியோ இரண்டுக்கும் நடுவே நிற்கிறது: வெளிச்சம் ஓர் ஒயரில், நிறம் இன்னோர் ஒயரில். பிளேஸ்டேஷன் 2 ஆர்ஜிபியையோ, வெளிச்சத்தையும் நிற வேறுபாடுகளையும் மூன்று ஒயர்களில் பிரித்துத் தரும் காம்போனென்டையோ தரும். எது வேண்டும் என்பதை அதன் மெனுவில் சொல்ல வேண்டும். நின்டெண்டோ 64 தன் இயல்பில் ஆர்ஜிபி தராது என்பதால், அதற்கு எஸ்-வீடியோவே போதும் என்று விட்டுவிடலாம்.

நம் ஊருக்கு ஆர்ஜிபியால் கிடைக்கும் பெரிய நன்மையை மேற்கத்தியர்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை. தூர்தர்ஷன் 1982-இல் வண்ணத்துக்கு மாறியபோது பிஏஎல் முறையை எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு தொடங்கி நம் கரையோர ஆன்டெனாக்களில் வந்து விழுந்த இலங்கையின் ரூபவாஹினியும் பிஏஎல்தான். அதனால் நம் பழைய டிவிகள் பலவற்றுக்கு என்டிஎஸ்சி நிறம் புரியாது. ஜப்பானிய சூப்பர் ஃபாமிகாமின் மஞ்சள் பின்னைச் செருகினால் கறுப்பு வெள்ளைப் படம்தான் கிடைக்கும். ஆர்ஜிபியில் நிறத்தைக் குறியாக்கும் வேலையே இல்லாததால், பிஏஎல், என்டிஎஸ்சி என்ற பேதம் நிறத்தைப் பொறுத்தவரை அற்றுப்போகிறது. 50 அல்லது 60 ஹெர்ட்ஸில் படத்தை நிறுத்தத் தெரிந்தால் போதும், ஸ்டுடியோ மானிட்டர்களுக்கு இரண்டும் தெரியும். 1995-இல் ஷா வாலஸ் வழியாக இந்தியாவில் விற்பனைக்கு வந்த மெகா டிரைவையும், உறவினர் யாரோ சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஜப்பானியக் கருவியையும் ஒரே பெட்டியில் மாற்றி மாற்றி ஆடலாம்.

ஆர்ஜிபியால் ஒரு நஷ்டமும் உண்டு. மெகா டிரைவ் ஓவியர்கள் காம்போசிட்டின் கசிவையே தூரிகையாகப் பயன்படுத்தினார்கள். சோனிக் விளையாட்டின் அருவி நெருக்கமான செங்குத்துக் கோடுகளால் வரையப்பட்டது. காம்போசிட்டில் அவை ஒன்றோடொன்று கலந்து, பின்னால் உள்ளது தெரியும் நீர்த்திரையாக மாறும். ஆர்ஜிபியில் கோடு கோடாகவே நிற்கும். குற்றாலத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இப்படி ஓர் அருவியைப் பார்ப்பது சற்று உறுத்துகிறது. ஆனாலும் எழுத்துகளும் ஆட்களின் முகங்களும் தெளிவாகத் தெரிவதற்காக நான் அதைப் பொறுத்துக்கொள்கிறேன்.

ஒயர் என்றதும் ஸ்கார்ட் வந்துவிடுகிறது. பிரான்சில் பிறந்த இந்த 21 முனைச் செருகி நம் ஊர் டிவிகளில் அரிது என்றாலும், விற்பனைக்குக் கிடைக்கும் ஆர்ஜிபி கேபிள்கள் பெரும்பாலும் அதில்தான் முடிகின்றன. ஸ்டுடியோ மானிட்டரின் பின்னால் இருப்பவையோ பிஎன்சி எனப்படும், செருகித் திருப்பிப் பூட்டும் வட்டத் துளைகள். ஆகவே ஸ்கார்ட்டை நான்கு பிஎன்சிகளாகவும் இரண்டு ஆடியோ பின்களாகவும் பிரிக்கும் இணைப்பு ஒன்று தேவை. இங்கே ஓர் ஆபத்து உண்டு: ஜப்பானில் புழங்கிய 21 முனை ஆர்ஜிபி செருகி தோற்றத்தில் ஸ்கார்ட்டேதான், உள்ளே முனைகளின் வரிசை மட்டும் வேறு. ஜப்பானிய கேபிளை ஐரோப்பிய இணைப்பில் சொருகினால் போகக் கூடாத இடத்துக்கு மின்சாரம் போகும். வாங்கும்போது எது என்று கேட்டு உறுதி செய்துகொள்வதோடு, மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொரு முனையும் எங்கே போகிறது என்று தொட்டுப் பார்த்துவிடுவது உத்தமம்.

கேபிளின் தலைக்குள் என்ன இருக்கிறது என்பதும் கருவிக்குக் கருவி மாறும். என்டிஎஸ்சி சூப்பர் ஃபாமிகாமுக்கும் பிளேஸ்டேஷனுக்கும் மூன்று நிற ஒயர்களிலும் 220 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒவ்வொன்று இருக்க வேண்டும். பிஏஎல் சூப்பர் நின்டெண்டோவுக்கு (சூப்பர் ஃபாமிகாமுக்கு ஜப்பானுக்கு வெளியே உள்ள பெயர்) மின்தேக்கிக்குப் பதில் ஒவ்வொரு நிறத்திலிருந்தும் தரைக்கு 75 ஓம் தடை. ஒன்றின் கேபிளை மற்றதில் போட்டால் படம் வரும், ஆனால் வெளிச்சம் தப்பாக வரும். ஆட்கள் மானிட்டரைத் திருகித் திருகி அலுத்துப்போவார்கள். படத்தை ஓரிடத்தில் நிறுத்தி வைக்கும் சிங்க் சிக்னலும் அப்படித்தான். சில கருவிகள் அதை 5 வோல்ட் அளவில் முரட்டுத்தனமாகத் தருகின்றன. 75 ஓம் உள்ளீடு எதிர்பார்ப்பதோ அரை வோல்ட்டுக்கும் குறைவு. கேபிளில் 470 ஓம் தடை ஒன்றை வைத்தால் அது அடங்கிவிடும். தனி சிங்க் இல்லாத கேபிள்கள் காம்போசிட் படத்தையே சிங்காக அனுப்பும். பெரும்பாலான ஸ்டுடியோ மானிட்டர்கள் அதையும் ஏற்றுக்கொள்ளும், ஆனால் மலிவான கேபிளாக இருந்தால் அந்தப் படம் பக்கத்து நிற ஒயர்களுக்குள் கசிந்து, வெள்ளைப் பரப்பில் மெல்லிய கட்டங்களாகத் தெரியும். ஆடியோவில் ஒரு ரீங்காரமும் கேட்கும். ஒவ்வொரு சிக்னலுக்கும் தனித்தனி உறை இல்லாத கேபிள் என்பதற்கு இவை போதிய சாட்சி.

ஊருக்கு வெளியிலிருந்து வருவித்த கேபிள்களுக்கு நிறையச் செலவழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கருவியின் பக்கத்து முனைக்கு அந்தச் செலவு வேண்டியதுதான். மானிட்டர் பக்கத்துக்கு அப்படி ஒன்றும் தேவை இல்லை. பிஎன்சி என்பது சிசிடிவி கேமரா பொருத்துகிறவர்கள் நாள்தோறும் கையாளும் பொருள். வண்ணார்பேட்டையிலோ ஜங்ஷனிலோ கேமரா பொருட்கள் விற்கும் கடையில் பிஎன்சி முனையும் 75 ஓம் ஆர்ஜி-59 கேபிளும் சாதாரணமாகக் கிடைக்கும். கேமராக்காரர்கள் 3+1 என்று சொல்லும் கேபிளை மட்டும் நான் விரும்புவதில்லை. அதில் ஒரு கோஆக்சியலோடு மூன்று மின் ஒயர்கள் ஒட்டி வரும், நமக்கு அவற்றால் பயன் இல்லை, உறையும் பல சமயம் மெலிதாக இருக்கும். முனையைத் திருகி வைப்பதைவிட கருவியால் அழுத்திப் பிடிக்கவைத்து, அதாவது கிரிம்ப் செய்து வாங்கிக்கொண்டால் ஆண்டுக்கணக்கில் தொந்தரவு இராது. தங்க முலாம், ஆக்சிஜன் நீக்கிய செம்பு என்பவற்றுக்கெல்லாம் இந்த ஒன்றரை மீட்டர் தூரத்தில் பொருளே இல்லை.

ஸ்டுடியோ மானிட்டருக்குப் புதிதாக வருகிறவர்களை மிகவும் குழப்புவது 75 ஓம் முடிப்பு. இந்த மானிட்டர்களில் ஒவ்வோர் உள்ளீட்டுக்கும் பக்கத்தில் ஒரு வெளியீடு இருக்கும்; ஸ்டுடியோக்களில் ஒரே படத்தை வரிசையாகப் பல பெட்டிகளுக்குக் கடத்துவதற்கான ஏற்பாடு அது. வரிசையின் கடைசிப் பெட்டியில் மட்டும் 75 ஓம் தடை குறுக்கே இருக்க வேண்டும். பழைய பெட்டிகளில் இதற்கென்று ஒரு சுவிட்ச் உண்டு, பிந்தைய பல பெட்டிகளில் வெளியீட்டில் எதுவும் செருகாவிட்டால் தானாகவே அந்தத் தடை சேர்ந்துகொள்ளும். சுவிட்ச் அணைந்து கிடந்தால் சிக்னல் இரு மடங்காகிப் படம் வெளுத்துப் பொங்கும். இரண்டு இடத்தில் தடை விழுந்தால் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் போய்ப் படம் மங்கும். மங்கலான பெட்டியை ட்யூப் போய்விட்டது என்று தள்ளிவிடுவதற்கு முன் இந்த சுவிட்சைப் பார்க்க வேண்டும். ட்யூப் போன பெட்டியை சுவிட்ச் கோளாறு என்று சொல்லி விற்பவர்களும் இருக்கிறார்கள், ஆகவே இரண்டு பக்கமும் தள்ளிப் பார்க்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகுதான் எந்த மானிட்டர் என்ற கேள்வி. கோடுகளின் எண்ணிக்கை பெரிதானால் படம் நன்றாகும் என்பது பாதி உண்மை. சூப்பர் ஃபாமிகாமின் படம் பெரும்பாலும் 256 புள்ளி அகலம், மெகா டிரைவினுடையது 320. சோனியின் பிவிஎம்-20எம்2 தரும் 600 கோடுகளே இதற்குத் தாராளம். 800 கோட்டு எம்4-லும், 900 கோட்டு பிராட்காஸ்ட் வரிசையிலும் எலக்ட்ரான் கற்றை இன்னும் கூர்மை என்பதால், கோடுகளுக்கு நடுவே உள்ள இருட்டு அகன்று தெரியும். சிலருக்கு அது பிடிக்கிறது. எனக்கு 14 அங்குலமும் 600 கோடும்தான் மனத்துக்கு இசைகிறது. பிளேஸ்டேஷன் 2-ஐப் பின்னல் இல்லாத 480 முழுக்கோட்டில் ஆட விரும்புகிறவருக்கு மட்டும் பிவிஎம்-14எல்5 போன்ற, பலவகை சிக்னல் வேகங்களை ஏற்கும் பெட்டி தேவைப்படும். பிராட்காஸ்ட் வரிசையை வாங்கத் துணிகிறவர்கள், அதன் கட்டுப்பாட்டுப் பலகையும் ஆர்ஜிபி உள்ளீட்டு அட்டையும் கூடவே வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். அதில் டி வரிசைப் பெட்டிகள் பலவற்றுக்கு பிகேஎம்-10ஆர் பலகையும் பிகேஎம்-129எக்ஸ் அட்டையும் தனிப் பொருட்கள். அவை இல்லாத பெட்டியை இயக்கவே முடியாமல் விழிக்க வேண்டியிருக்கும்.

திருநெல்வேலிக்கே உரிய ஒரு சங்கதி இருக்கிறது. புவியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் முனையை ஒட்டிப் போகிறது. இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் தன் நிலநடுக்கோட்டு ஆய்வகத்தை நம் கிருஷ்ணாபுரத்தில், சிற்பங்களுக்குப் பேர்பெற்ற கோயில் உள்ள அதே ஊரில், வைத்திருப்பது இதனால்தான். இங்கே காந்தப்புலம் ஏறத்தாழ முழுவதும் கிடையாக, தெற்கு வடக்காக ஓடுகிறது. செங்குத்துக் கூறு இல்லை என்றே சொல்லலாம். ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் அந்தச் செங்குத்துக் கூறு வலுவானது. 1968-இல் சோனி கொண்டுவந்த டிரினிட்ரான் ட்யூபில் நிறங்களைப் பிரிப்பது செங்குத்தாக இழுத்துக் கட்டிய மெல்லிய கம்பிகள். எலக்ட்ரான் கற்றை மேலும் கீழும் சற்று நகர்ந்தால் நிறம் மாறாது, பக்கவாட்டில் நகர்ந்தால் பக்கத்து நிறத்தில் போய் விழும். கற்றையைப் பக்கவாட்டில் தள்ளுவது காந்தப்புலத்தின் செங்குத்துக் கூறுதான். ஆகவே வட நாடுகளின் புலத்துக்கு ஏற்பச் சரிசெய்யப்பட்டு அங்கிருந்து வந்த பெட்டி, இங்கே மூலைகளில் லேசான நிறக்கறை காட்டினால் அதை ட்யூபின் குற்றம் என்று உடனே முடிவு கட்டக் கூடாது. ட்யூபில் ஏறிய காந்தத்தை நீக்கும் டீகாஸ் பொத்தானை அழுத்தி, கால் மணி நேரம் கழித்து மறுபடி அழுத்திப் பார்க்க வேண்டும். மீதமுள்ள கறையை அனுபவமுள்ளவர் கழுத்துப் பக்கத்துச் சரிசெய்தலால் போக்க முடியும்.

இங்கே கிடைப் புலம் வலுவானது என்பதால் பெட்டி எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதும் முக்கியமாகிறது. சோனியின் சர்வீஸ் கையேடுகளே, சரிசெய்யும்போது பெட்டியைக் கிழக்கு அல்லது மேற்கு நோக்கி வைக்கச் சொல்கின்றன. அப்படி வைத்தால் கிடைப் புலம் கற்றையை மேலும் கீழுமாகத்தான் தள்ளும், நிறத்தைத் தொடாது; வடக்கு தெற்காக வைத்தால் படம் லேசாகத் திருகிக்கொள்ளும், மூலைகளும் கெடும். எனக்குத் தெரிந்த டிவி மெக்கானிக் அண்ணாச்சி ஒருவருக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவைப்படவில்லை. “தம்பி, பெட்டியத் திருப்பித் திருப்பி வச்சா கலரு மாறத்தான் செய்யும். கெழக்காம பாக்க வச்சிட்டு, பக்கத்துல கெடக்க ஸ்பீக்கர மொதல்ல தூக்குங்க” என்றார். பிறகுதான் டீகாஸ். அந்த வரிசையில் செய்தபோது என் பெட்டியின் இடது மூலையில் இருந்த பச்சை மறைந்துவிட்டது.

இந்தப் பெட்டிகள் நம் பக்கத்தில் எங்கிருந்து வருகின்றன என்பதைத் தெரிந்துகொண்டால், அவற்றில் எதைப் பார்க்க வேண்டும் என்பதும் விளங்கும். கல்யாண வீடியோ எடிட் செய்த ஸ்டுடியோக்கள், உள்ளூர்ச் சேனல் நடத்திய கேபிள்காரர்கள், எண்டோஸ்கோபி அறையை மாற்றிய மருத்துவமனைகள்: இவைதான் பெரும்பாலும் மூலம். சேனலில் இருந்ததென்றால் ஒரு மூலையில் சின்னம் நிரந்தரமாகப் பதிந்திருக்கும். மருத்துவமனைப் பெட்டியில் நோயாளி விவரம் வரும் இடம் கருத்திருக்கும். மருத்துவ மாதிரிகள் உள்ளே பல சமயம் அதே பிவிஎம்தான், வெளிநிறம் மட்டும் வெண்மை, விலையும் சற்றுக் குறைவு. அவற்றை யாரும் தேடாதது நமக்கு நல்லது. முழு வெள்ளைத் திரை ஒன்றைக் கொடுத்துப் பதிவுகளைப் பார்க்க வேண்டும். வண்ணப் பட்டைகளைக் கொடுத்து நீலம் மட்டும் காட்டும் பொத்தானை அழுத்தினால் நிறச் சரிசெய்தல் தானாக விளங்கும். திரைக்குக் குறுக்கே மயிரிழைபோல ஒன்றோ இரண்டோ நிழற்கோடுகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அவை டிரினிட்ரானின் கம்பிகளை அதிராமல் பிடித்திருக்கும் குறுக்கிழைகள். ஓடிய மணிநேரத்தைக் காட்டும் வசதி பிந்தைய மாதிரிகள் சிலவற்றில் உண்டு. கிடைத்தால் பார்க்கலாம், கிடைக்காவிட்டால் குளிர்ந்த பெட்டியைப் போட்டு அரைமணி நேரம் காத்திருந்து, படம் மெதுவாக எழுகிறதா, ஒரு நிறம் பிந்துகிறதா என்று பார்ப்பதே நம்பகமான சோதனை.

மின்சாரத்தைப் பொறுத்தவரை பின்பக்கத் தகட்டைப் படிக்காமல் பிளக்கைச் செருகக் கூடாது. ஜப்பானியக் கருவிகள் 100 வோல்ட்டுக்கானவை. நம் 230 வோல்ட்டில் ஒரு கணம் தாங்காது. உவரி, திருச்செந்தூர்ப் பக்கத்துக் கடற்கரை வீடுகளில் உப்புக்காற்று உயர் மின்னழுத்தப் பகுதியில் படிந்து, போட்டவுடன் சடசடவென்று சத்தம் கேட்கும். அதைத் துடைக்கிறேன் என்று மூடியைத் திறப்பவர்கள், அணைத்த பிறகும் ட்யூபில் 20 ஆயிரம் வோல்ட் அளவுக்கு மின்னூட்டம் தங்கியிருக்கலாம் என்பதை அறிந்தவர்களாக இருக்க வேண்டும். அறியாதவர்கள் மெக்கானிக்கிடம் கொண்டுபோவதே மேல்.

கொண்டுபோவதும் கொண்டுவருவதும் எளிதல்ல. 14 அங்குலம் 15 கிலோவைத் தாண்டும், 20 அங்குலம் சுமார் 30 கிலோ. எடை முழுவதும் முகப்புக் கண்ணாடியில் குவிந்திருப்பதால், தூக்குகிறவர் திரையைத் தன் மார்புப் பக்கம் வைத்துத் தூக்க வேண்டும். சென்னையிலிருந்து பார்சல் லாரியில் அனுப்பச் சொல்வதைவிட, காரின் பின்னிருக்கையில் தடித்த மெத்தை விரித்துத் திரையைக் கீழ்நோக்கிக் கவிழ்த்துக் கொண்டுவருவதையே நான் பரிந்துரைப்பேன். ட்யூபின் கழுத்து மெல்லிய கண்ணாடி. அதில் ஒரு விரிசல் விழுந்தாலும் வெற்றிடம் போய்விடும், அதற்குப் பிறகு எந்த ஒயரை மாற்றியும் பயன் இல்லை. வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் உடனே சுவிட்சைப் போடாமல், பெட்டி அறையின் சூட்டுக்கு வரும்வரை விட்டுவைத்துவிட்டு, அதற்குள் பிஎன்சி முனைகளில் சிவப்பு, பச்சை, நீலம் எது எது என்று நிற டேப் சுற்றிக்கொள்ளலாம். பின்பக்கச் சுவரோடு பெட்டி ஒட்டிய பிறகு குனிந்து எழுத்தைப் படிப்பது சிரமம்.